மூடுபனியில் மணி அடித்தவள்

அந்தத் தீவில் மணியை யார் வேண்டுமானாலும் அடித்துவிட முடியாது. படகுத்துறையின் கோடியில், துருவேறிய கம்பத்தில், அடிப்பக்கம் வெட்டியெடுத்த பழைய கேஸ் சிலிண்டர் ஒன்று கயிற்றில் தொங்கும். அதுதான் மணி. மூடுபனி இறங்கிவிட்டால், கடலுக்குப் போன படகுகள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகிய வழியில் நுழைய வேண்டும். ஒரு அடி, ரீங்காரம் அடங்கியதும் அடுத்த அடி என்றால், ‘வழி நன்றாக இருக்கிறது, வா’ என்று பொருள். விடாமல் வேகமாக அடித்தால், ‘வழியில் அலை உடைகிறது, வராதே, தீவைச் சுற்றிப் பின்பக்கம் போ’ என்று பொருள். பின்பக்கம் முழுக்கப் பாறை. வெயிலடிக்கிற நாளிலேயே அங்கே யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை.

கடலில் ஆள் உள்ள வீட்டுக்காரர்கள் மணியடிக்கும் இரும்புக் கம்பியைத் தொடக் கூடாது என்பது தீவின் கட்டுப்பாடு. அதனால் டீக்கடை மாமாதான் அடிப்பார். கட்டைப் பிரம்மச்சாரி, கடலில் அவருக்கு யாருமில்லை. முந்தின நாள்தான் கண் ஆபரேஷனுக்காக அக்கரைக்குப் போனார். “நான் வர்ற வரைக்கும் பனியைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே படகேறினார். பனி யார் பேச்சைக் கேட்டது? விடிந்து, தீவின் இரண்டு படகுகளும் போன பிறகு, பால் பொங்குவது போல வந்து தீவை மூடிக்கொண்டது.

தையல்காரர் வீடு, தபால்காரர் வீடு என்று கடலுக்குப் போகாத குடும்பங்கள் முன்பு நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக அக்கரைக்குக் குடிபோய்விட்டன. இப்போது எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த வீட்டில் ஒருவர் கடலில் இருந்தார்.

துறைக்குப் பக்கத்தில் இருந்தது ஐஸ் அறை. அங்கே ஐஸ் உடைக்கிறவளை எல்லோரும் ஐஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் புருஷன் நீலப் படகின் டிரைவர். அந்தப் படகின் வயர்லெஸ் போன வாரமே ஊமையாகிவிட்டது.

“அண்ணி, நீங்களே அடிங்க. ஐஸ் உடைக்கிற கை, நல்லா விழும்” என்றாள் நாத்தனார். “ரூல் பாத்துட்டு உக்காந்திருந்தா எங்க அண்ணனும் வரமாட்டாரு, எங்க வீட்டுக்காரரும் வரமாட்டாரு.”

“எனக்குப் பயமா இருக்குடி.”

“பயம் மனசுலதானே? கை சும்மாதானே இருக்கு?”

ஐஸக்கா கம்பியை எடுத்தாள்.

முதல் அடி விழுந்ததும் தீவு வாயை மூடிக்கொண்டது. ரேடியோக்கள் நின்றன. மிக்ஸிகள் நின்றன. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உதட்டில் விரல் வைத்திருப்பார். மணியின் ஓசையில் இன்னொரு ஓசை கலந்தால் கடலில் இருப்பவனுக்குத் திசை குழம்பும். நாய்களைக்கூட வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அடித்தாள். காத்திருந்தாள். அடித்தாள். எதிரே கடல் இல்லை, வானம் இல்லை, துறையின் கடைசிப் பலகைகூட இல்லை. தன் கை நுனியே பனியில் பாதி கரைந்திருப்பது போலிருந்தது. இடைவெளிகளில்தான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கோ இடப்பக்கம், பாறைகளின் மேல் தண்ணீர் ஏறி, சறுக்கி, உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. பெரிய மிருகம் ஒன்று நாக்கைச் சப்புக் கொட்டுவது போல. அதைக் கேட்கச் சகிக்காமல் அடுத்த அடியைச் சற்று முன்னதாக அடித்தாள். அதற்கடுத்ததை இன்னும் முன்னதாக.

வெகுநேரம் கழித்து ஒரு எஞ்சின் சத்தம் வந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு சிவப்பு மூக்கு ஒன்று வெளிப்பட்டது. நாத்தனார் புருஷனின் படகு. ஐஸக்காவின் நெஞ்சு ஒரு கணம் துள்ளி, நிறம் தெரிந்ததும் விழுந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

அவன் துறையில் குதித்து ஓடி வந்தான். “என்னக்கா, எங்களைத் துரத்திவிடப் பாத்தீங்களா? நல்லவேளை, பாதி வழி வந்துட்டோம், திரும்ப இடமில்ல. வழியில அலையே இல்லையே, எதுக்கு வராதேன்னு அடிக்கறீங்க?”

“நானா? நான் வான்னுதானே அடிக்கறேன்...”

சொல்லும்போதே தன் கையைப் பார்த்தாள். கம்பி விடாமல் சிலிண்டரில் மோதிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையோ போல.

கட்டுப்பாடு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கையை நிறுத்தினாள். ரீங்காரம் தேய்ந்தது. அதன் அடியிலிருந்து இன்னொரு எஞ்சின் ஓசை மெல்லக் கிளம்பியது. நீலப் படகின் இருமல், அவள் தூக்கத்திலும் அடையாளம் காண்பது. அது கிட்டே வரவில்லை. பின்பக்கம் நோக்கி விலகிக்கொண்டிருந்தது. சொன்ன சொல் தட்டாமல், அவள் போகச் சொன்ன இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“குடுங்க அண்ணி!” என்று நாத்தனார் கம்பியைப் பிடுங்கினாள். அண்ணன் படகாயிற்றே, அவள் கை இவளுடையதைவிட அதிகமாக நடுங்கியது. நாத்தனார் புருஷனின் விரல்களோ ஈரக் கயிறு இழுத்து விறைத்து, மடங்கவே இல்லை.

ஐஸக்கா கம்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இடது கையால் சிலிண்டர் தொங்கும் கயிற்றைப் பிடித்தாள். ஓங்கி ஒரு அடி. கயிற்றில் அதிர்வு குறுகுறுவென்று ஓடியது. அது முழுக்க அடங்கும்வரை அடிப்பதில்லை என்று பல்லைக் கடித்தாள். பாறைகள் சப்புக் கொட்டின. எஞ்சின் தேய்ந்தது. ‘அடி, அடி’ என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கயிறு இன்னும் அதிர்ந்தது. பொறுத்தாள். அடங்கியது. அடித்தாள்.

நாத்தனார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி ஒரு அடி. அந்த ரீங்காரம் அடங்கியபோது எஞ்சின் சத்தமே இல்லை.

மோதிவிட்டதா? நின்று காது கொடுக்கிறானா? கேட்பதற்காக எஞ்சினை அணைப்பது அவர்கள் வழக்கம்தான். பாறையில் மோதினாலும் எஞ்சின் இப்படித்தான் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மௌனம். அந்த மௌனத்துக்குள் நின்று, அவசரப்படாமல், அவள் இன்னொரு அடி அடித்தாள். இன்னொன்று.

இருமல் கேட்டது. பிறகு தடதடப்பு. வலப்பக்கத்திலிருந்து, வரவேண்டிய திசையிலிருந்து. பனியில் நீலம் ஒரு கறை போலத் தோன்றி, படகாகி, துறையில் இடித்து நின்றது.

“யாருங்க அது, வான்னு ஒரு தடவ, போன்னு ஒரு தடவ! டீக்கடை மாமா கண்ணோட சேத்து ஊர்க் காதையும் அக்கரைக்குக் கொண்டுபோயிட்டாரா?” என்று கத்திக்கொண்டே இறங்கிய புருஷன், கம்பியோடு நிற்பது யாரென்று பார்த்து அப்படியே நின்றான். அவன் சட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் பாறைப்பாசி அப்பியிருந்தது. எவ்வளவு நெருங்கிப் போயிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

“நாளைக்கும் போவீங்களா?” என்றாள்.

“போகாம? வலை பாதி கடல்லயே கிடக்கு.”

“மாமா வர நாலஞ்சு நாளாகும்.”

“அதுக்கு?”

“நாளைக்கும் நான்தான் அடிக்கணும்.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.