இரண்டு கைக்காரன்

வேற்றுக்கிரகத்தான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வந்து இறங்கினான். அதுவும் நான் தைப்பதற்கு முன் நனைத்துக் காயப்போட்டிருந்த துணிகள் மேலேயே. வந்த கோபத்தில் பயப்படக்கூட மறந்துவிட்டேன்.

விண்கலத்திலிருந்து இறங்கியவன் சீக்காளி மாதிரி வெளிறியிருந்தான். எங்கள் ஊரில் எல்லாரும் நல்ல பச்சை, எல்லாருக்கும் நாலு கை. யாரைப் பார்த்தாலும் முதலில் நாலு கையையும் விரித்துக் காட்டுவோம். ஒன்று குறைந்தாலும் அதில் ஆயுதம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் இரண்டைத்தான் தூக்கினான்.

"ஐயையோ, ரெண்டு கையை ஒளிச்சு வெச்சிருக்கான்!" பக்கத்து மாடியில் நின்ற பல் டாக்டர் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அவர் வாயில் விழுந்தால் கேட்கவா வேண்டும்? ஊரே கூடிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அளவெடுப்பது. நாடாவோடு போய் அவன் விலாவைத் தடவிப் பார்த்தேன். வெறும் எலும்புதான், கையே இல்லை. கூச்சம் தாங்காமல் குழந்தை மாதிரி சிரித்தான். அப்படிச் சிரிப்பவனை எதிரியாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குள் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு மாடியேறி வந்துவிட்டான். என் கூடப்பிறந்த தம்பிதான்.

"அக்கா, தள்ளி நில்லு!"

"டேய், அவனுக்கு இருக்கறதே ரெண்டு கைதான்டா."

"கதை விடாதே. ரெண்டு கையை வெச்சுக்கிட்டு ஒருத்தன் சட்டை பட்டன் போட முடியுமா? மூணு எண்ணுவேன். நாலும் வெளிய வரலைன்னா சுட்டுடுவேன். கீழ ஊரே பாத்துட்டு இருக்கு. ஒண்ணு..."

எனக்கு நாலு கையும் ஓடவில்லை.

"ரெண்டு..."

பாய்ந்து வேற்றுக்கிரகத்தான் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். என் கீழ்க்கைகள் இரண்டையும் அவன் அக்குளுக்கடியில் நுழைத்து முன்னால் விரித்தேன். அந்த நேரத்திலும் அந்தப் படுபாவிக்குக் கிச்சுகிச்சு, நெளிந்தான்.

தெருவிலிருந்து பார்த்தால் எண்ணிக்கைதான் தெரியும், நிறம் தெரியாது. கீழே "அப்பாடா!" என்று பெருமூச்சு கேட்டது. ஆனால் தம்பி நின்றது மூன்றடி தூரத்தில். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பிய கைகள் அவனுக்குத் தெரியாதா? என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ?

அவன் என் விரல்களையே வெகுநேரம் பார்த்தான். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுத் தெருப்பக்கம் திரும்பினான்.

"நாலும் இருக்கு! நானே பாத்துட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

யார் போனார்கள்? பல் டாக்டர் தெருவில் நாற்காலியே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கை வலிக்குதுடா," என்று முனகினேன்.

தம்பி காவலுக்கு நிற்பவன் போல வேற்றுக்கிரகத்தான் பின்னால் வந்து நின்றான்.

"நகரு அக்கா. கொஞ்ச நேரம் நான் நீட்டறேன்."