ஐந்தாம் பாகத்துக்கு ஓர் ஆய்வுரை

எனக்கு இளவரசிகளைப் பிடிக்காது. அதிலும், தான் இளவரசி என்பது தனக்கே தெரியாமல் பதினாறு வயதுவரை காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கும் இளவரசிகளை அறவே பிடிக்காது.

ஆங்கிலத்தில் இளையோருக்கென்று எழுதித் தள்ளுகிறார்களே மாயாஜாலத் தொடர்கள், அவற்றைச் சொல்கிறேன். தொடர் என்றால் குறைந்தது ஐந்து பாகம். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். எழுதியவருக்கே வழி தெரியாது என்பதற்கு அத்தாட்சி. நாயகிக்குத் தாய் இருக்கமாட்டாள். இருந்தால் கதை இரண்டாம் அத்தியாயத்திலேயே, "எங்க போறாய், இந்த நேரத்தில?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். அவளை இரண்டு பேர் காதலிப்பார்கள். ஒருவன் கூடவே வளர்ந்த நல்லவன், ஆகையால் அவனுக்கு அவள் கிடைக்கமாட்டாள். மற்றவன் கறுப்பு உடுப்புப் போட்ட ஐந்நூறு வயதுக்காரன். ஐந்நூறு வருடம் உயிரோடு இருந்தும் ஒரு வேலைவெட்டி இல்லாமல் பதினாறு வயதுப் பிள்ளையின் ஜன்னலடியில் நிற்பவனை எங்கள் ஊரில் பொலிஸில் பிடித்துக் கொடுப்பார்கள்.

கடைசியில் அவள் அவனுடைய மாளிகைக்குக் குடிபோவாள். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணுக்குக் கட்டிய வீட்டுக்கு வருவார். அந்த ஐந்நூறு வயதுக்காரனும் அப்படி வந்து, வாளைச் சுவரில் சாத்திவிட்டு, மாமியார் எப்போது சோறு போடுவார் என்று கதிரையில் காத்திருந்தால் கதையில் கொஞ்சமாவது உயிர் வந்திருக்கும்.

பிறகேன் வாசிக்கிறாய் என்று கேட்பார்கள். பல் வலிக்கும்போது நாக்கு அங்கேதானே போகிறது. வாசித்து முடித்ததும் முகநூலில் என் பக்கத்தில் கிழித்து எழுதுவேன். பக்கத்தின் பெயர் "ஏழாம் பாகம் வேண்டாம்". பகலில் நான் துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள அலுவலகம் ஒன்றில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் அடிக்கிற ரிப்கா. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பக்கத்திலோ கனடாவில் இருப்பவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் ஜவ்பர் ஹாஜியாரை என்னிடம் கொண்டுவந்து விட்டது. டவுனில் பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர். சீமெந்துத் தூசு படிந்த சட்டையோடு அலுவலகத்துக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"மகள், நீங்கதானே இந்தக் கதைப்புத்தகங்களைப் பத்தி எழுதுற பிள்ளை? எங்கட சனூஸா அஞ்சாம் பாகம் எழுதி முடிச்சிட்டா. வாற ஞாயிறு வெளியீட்டு விழா. நீங்கதான் ஆய்வுரை செய்யவேணும்."

"என்ர பக்கத்தை வாசிச்சனீங்களா, ஹாஜியார்?"

"பாத்தன், பாத்தன்." கைபேசியை நீட்டினார். "ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழயும் எவ்வளவு பேர் சந்தோஷமாச் சிரிக்கிறாங்க! வேற ஆருக்கும் இப்பிடி இல்ல."

அட்டைப் படத்தையும் அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களையும் மட்டும் பார்த்திருக்கிறார். நடுவில் நான் எழுதியதை விரித்துப் பார்க்கவில்லை. திருத்தியிருக்கலாம். ஆனால் என்னை இதுவரை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அதுவும், நான் கப்பலேறி வந்த குப்பையை மட்டுமே கிழித்துக்கொண்டிருக்க, உள்ளூர்க் குப்பை தானாக நடந்து வருகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஐந்து பாகங்களையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு சனூஸாவே வந்தாள். பத்தொன்பது வயது. உட்காரச் சொன்னதும் உட்காராமல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ராத்தா," என்றாள். நாங்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். "உங்கட பக்கத்தில ஒண்டு விடாம வாசிச்சிருக்கிறன். நீங்க என்ன எழுதுறீங்க எண்டு எனக்குத் தெரியும். வாப்பாக்குத்தான் தெரியாது. நான்தான் உங்கட பேரைச் சொல்லிக் குடுத்தன்."

நான் சோற்றுப் பார்சலை மூடி வைத்தேன்.

அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். பதினாலு வயதில் ஒரு பள்ளி விடுமுறையில் விளையாட்டாக ஒரு கதை எழுதினாள். வாப்பா அதைக் கண்டு அச்சடித்து மண்டபம் பிடித்து விழா வைத்தார். சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மகள் எழுத்தாளர் என்று சொன்னார். அடுத்த வருடம் இரண்டாம் பாகம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரும் முதலாம் பாகத்தைத் திறந்ததில்லை. மகளுக்கென்று கட்டுகிற வீட்டில் மேல்மாடி எழுப்பி, எழுதுவதற்கென்று ஓர் அறையும் போட்டிருக்கிறார்.

"இப்ப எனக்குப் பேராதனை யூனிவர்சிட்டிக்குக் கிடைச்சிருக்கு, ராத்தா. எஞ்சினியரிங். வாப்பா விடமாட்டேங்கிறார். அங்க போனா தொடரை ஆர் எழுதுறது எண்டு கேக்கிறார். வீட்டில இருந்து ஏதாவது ஒன்லைனில படிக்கட்டாம், ஆறாம் பாகத்துக்கு அட்டைப்படமும் கீறக் குடுத்திட்டாராம். பதிவு செய்ய வாற கிழமைதான் கடைசி."

"நான் என்ன செய்ய ஏலும்?"

"கிழியுங்க. மேடையில வச்சு, ஊருக்கு முன்னால. வாப்பாக்கு என்னோட கோவிக்க ஏலும், வெக்கப்பட ஏலாது. நீங்க கிழிச்சா அவர் நிப்பாட்டிப் போடுவார். அஞ்சாவதை வேணுமெண்டே மோசமா எழுதினனான், உங்களுக்கு வேலை லேசு."

அன்று மாலையே தொடங்கினேன். தொடரின் பெயர் "பனித்துறை இளவரசி". பக்கத்து ஊரான கிண்ணியாவுக்கு அப்பால் போகாத பிள்ளை மூன்று பாகம் முழுக்கப் பனியில் எழுதியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பனி ஐஸ்பெட்டிக்குள் மீன் கிடக்கிற பனி. ஆகவே கதையிலும் பனி கொஞ்சம் உருகி ஒழுகியது. நாயகி எலியானா, விறகு பொறுக்கினாள். கறுப்பு உடுப்புக்காரன் வந்தான். தான் அடக்கி வைத்திருந்தது தனக்கே தெரியாத ஒரு மூச்சை அவள் பாகத்துக்கு ஆறேழு தடவை வெளியே விட்டாள். இரவல் வாங்கிய சட்டை, அதுவும் கிழிந்தது. நான் குறிப்பெடுத்துக்கொண்டே சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் பாகத்தின் முதற்பாதி அவள் சொன்ன மாதிரியே வேண்டுமென்று கெடுத்தது. நடுவில் ஓரிடத்தில் எல்லாம் மாறியது. எலியானா மாளிகைக்கு வந்துவிட்டாள். அவளுடைய தகப்பன் ராஜா அவளைக் கோபுரத்தில் இருத்தி, வருடத்துக்கு ஒரு கிரீடம் செய்து தரச் சொல்கிறான். கிரீடத்தை அவன் தலையில் வைப்பதில்லை. விருந்தாளிகளுக்குக் காட்டிவிட்டு அலுமாரியில் பூட்டுகிறான். ஒருநாள் அவள் கீழே குசினிக்கு இறங்கிப்போகிறாள். சமைக்கிற பெண்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறாள். ஒருத்தி சோற்றுப்பானையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நிற்க, பானையையும் சேர்த்துத் தூக்கி வெளியே வைக்கிறாள். பிறகு மாயமும் இல்லை, மந்திர வாளும் இல்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு தீக்குச்சி. மாளிகை எரிகிறது. அவள் துறையடியில் போய் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டபடி படகுக்குக் காத்திருக்கிறாள். தகப்பன் அலுமாரியை இழுத்துக்கொண்டு ஓடிவருவது தூரத்தில் தெரிகிறது. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனாலும் படகு வந்ததும் ஏறிவிடுகிறாள்.

இரண்டாம் தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் இத்தனை குப்பையைக் கிளறியது இப்படிப் பத்துப் பக்கம் அகப்படாதா என்றுதான். அகப்பட்டது எங்கே என்றால், நான் கிழித்தே ஆகவேண்டிய புத்தகத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஹாஜியாரிடம் சீமெந்து வாங்குகிறவர்கள், மற்றப் பாதி அவருக்குச் சீமெந்து விற்கிறவர்கள். விளக்கவுரை, வாழ்த்துரை, முதற்பிரதி வழங்கல் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. முதற்பிரதி வாங்கியவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பேணாட் வாழ்த்தினார்: "பெற்றோரை மதித்து, அவர்களது இல்லத்தைப் பேணிக் காக்கும் பண்பை இந்நூல் எமது மாணவச் செல்வங்களுக்குப் போதிக்கின்றது." பெற்றோரின் இல்லத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிற புத்தகத்தைப் பற்றி! சனூஸா மேடையில் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இந்த மனிதர்களைவிட அந்த ஐந்நூறு வயதுக்காரன் மேல் என்று எனக்குப் பட்டது. அவனாவது ஜன்னலடியில் நின்று உள்ளே பார்த்தான்.

என் முறை வந்தது. பனியில் தொடங்கினேன். மீன்பெட்டிப் பனி என்றதும் மண்டபம் சிரித்தது. அந்த மூச்சைப் பற்றிச் சொல்லி, "இவ்வளவு மூச்சு விடுகிற பிள்ளையை முதலில் நெஞ்சு டொக்டரிடம் காட்ட வேண்டும்" என்றேன். பின்வரிசையில் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஜவ்பர் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டி, "பாத்தீங்களா, நான் சொன்னன்தானே" என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். சனங்கள் சிரித்தால் அவருக்கு அது வெற்றி. என் அத்தனை வருடக் கெட்டித்தனமும் அவருடைய விழாவுக்கு ஒரு பலகாரமாகிக்கொண்டிருந்தது.

சனூஸா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

பகிடி உதவாது என்று விளங்கியது. சிரிப்பே வராதபடி எதையாவது சொல்ல வேண்டும். என் கையில் சிரிக்காமல் பேசக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குறிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டு, ஐந்தாம் பாகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"இதில் ஒரு மாளிகை எரிகிறது. இதைத்தான் ஆசிரியர் தன் உச்சமென்று நினைத்திருப்பார். நான் இதை மூன்று தடவை வாசித்தேன். நெருப்பில் சூடு இல்லை. அந்தப் பெண்ணில் உயிர் இல்லை. சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் பக்கத்தை நிரப்புகிற வேலை. முதல் நாலு பாகமும் சின்னப்பிள்ளை விளையாட்டு, மன்னிக்கலாம். வளர்ந்த பிறகு எழுதிய இதுதான் அளவுகோல். இதை எழுதியவருக்கு எழுத வராது. இனி வரவும் மாட்டாது. ஆறாம் பாகமென்று ஒன்றைக் கேட்கிறவர்கள் இந்தப் பிள்ளையைச் சபைக்கு முன்னால் வெட்கப்படுத்தக் கேட்கிறார்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கதிரைகள் கிறீச்சிட்டன. ஹாஜியாரின் சிரிப்பு சட்டென்று போகவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. யாரோ அவருடைய காதில் ஏதோ சொல்ல, வேண்டாமென்று கையைக் காட்டினார். நான் மேடையை விட்டு இறங்கினேன். சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொய். ஆனால் அதற்கு முன் மேடையில் நான் சொன்ன உண்மைகளைவிட நன்றாகச் சொன்னேன்.

தேத்தண்ணி மேசையடியில் அவர் என்னைத் தேடி வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அஞ்சு வருசமா ஒருத்தரும் எனக்கிட்டச் சொல்லல்லயே, மகள்," என்றார். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு எண்டுதானே சொன்னாங்க. நானும் வாசிச்சுப் பாத்திருக்கவேணும். எனக்குக் கணக்குப் புத்தகம்தான் வாசிக்க வரும்."

அவரை வெறுக்கத் தயாராக வந்திருந்தேன். அந்த இடத்தில் அது ஏலாமல் போனது.

சனூஸா வந்து பக்கத்தில் நின்றாள். அவர் அவளுடைய தோளில் கையை வைத்தார். "சரி, விடு. ஆறாவது வேணாம். நாளைக்கே பேராதனைக்குப் பதிவைப் பாப்பம். படிப்பையாவது ஒழுங்காப் படி."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கண்ணால் எனக்கு ஒரு நன்றி சொல்லுவாள், போய்விடலாம் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

"ராத்தா," என்றாள் மெதுவாக. "அந்த மாளிகை எரியிற இடம். அதை நீங்க... உண்மையாவே அப்பிடியா நினைக்கிறீங்க?"

ஹாஜியார் கோப்பையை வாயருகே பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால், அந்த முகம் மறுபடி மலர்ந்து, நாளைக்கே அட்டைப்படக்காரனுக்குக் கோல் எடுப்பார்.

"ஓம்," என்றேன். "அதுதான் ஆக மோசம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"மத்ததெல்லாம் வாப்பாக்காக எழுதினது," என்றாள். "அது மட்டும்தான் எனக்காக எழுதினனான். பரவாயில்ல ராத்தா. தெரிஞ்சுகொண்டது நல்லதுதானே. இனி நான் ஒண்டும் எழுதமாட்டன்."

"கேட்டீங்களா," என்றார் ஹாஜியார் என்னிடம், ஆறுதலாக. "புத்தியுள்ள பிள்ளை, சொன்னாக் கேப்பா." ரோல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க மகள், நீங்க ஒண்டுமே எடுக்கல்லயே," என்றார்.