மிஸ்டர், போலாமா?

சுவரில் பசை இன்னும் காயவில்லை. நோர்மா சமையலறைக் கத்தியைச் சுவரொட்டிக்கு அடியில் செருகிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பசை.

"விடுடி. மாதா கோயில்ல மணி அடிச்சாச்சு," என்றாள் அம்மா இனெஸ்.

"நீ படிச்சியாம்மா? 'எங்கள் கோல் வீரர் ஒத்தாவியோவுக்குக் கிளப்பின் கண்ணீர் அஞ்சலி.' அவ்வளவுதான். அப்பா ஆறு வருஷம் இவனுங்க டீமுக்கு மிஸ்டரா இருந்தாரே, அது எங்க போச்சு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள். கால்பந்துப் பயிற்சியாளர் என்றால் அங்கே ஆட்டக்காரர்களுக்கு மிஸ்டர்தான், பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. இளமையில் அடித்த கோல்களைப் பற்றி ஒத்தாவியோ பெரிதாகப் பேசமாட்டார். "கோலை எவன் வேணா அடிப்பான். பதினோரு பேரை ஒரே மனசா உள்ள அனுப்பணும், அதுதான் வேலை," என்பார். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் கேப்டன் எத்தோரே, "மிஸ்டர், போலாமா?" என்று கேட்பான். இவர் கதவில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்கு முன் ஒருவன் காலும் அசையாது.

அந்த ஆறு வருஷத்தையும் ஒரே ஆட்டம் விழுங்கிவிட்டது. பருவத்தின் கடைசி ஆட்டம், பக்கத்து ஊரோடு. டிரா ஆனால் அந்த அணி கீழ்ப் பிரிவுக்கு விழாமல் தப்பிக்கும், இவர்களுக்கோ நஷ்டமில்லை. கிளப் தலைவர் கலேந்தி வீட்டுக்கே வந்தார். இனெஸ் செய்த பாஸ்தாவை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "டிரா பண்ணிடுங்க, ரெண்டு ஊருக்கும் நல்லது," என்று கண்ணடித்தார். ஒத்தாவியோ எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்துவைத்தார்.

ஞாயிறன்று இவர் அணி ஜெயித்தது, பக்கத்து ஊர் கீழ்ப் பிரிவுக்கு விழுந்தது. திங்கள் அவர் வேலை போனது. தோற்று வேலை இழந்த மிஸ்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு, ஜெயித்து இழந்தவரை யார் பார்த்தது? பாதி ஊருக்கு அந்தப் பக்கம்தான் சம்பந்திகள். அவர் காபிக் கடைக்குள் நுழைந்தாலே சீழ்க்கை அடித்தார்கள். வேறு கிளப்பில் கேட்டால் கலேந்தியின் போன் அங்கே முந்திக்கொண்டிருக்கும். அதன் பிறகு அவரை மிஸ்டர் என்று கூப்பிட ஊரில் ஒரு நாக்கு எழவில்லை. முந்தாநாள் காலை, காபிக் கோப்பை கையில் இருக்கும்போதே சாய்ந்துவிட்டார்.

பூசை முடிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஆடிய ஆறு பேர்தான் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கோயில் வாசலில் இறக்கி வைக்கச் சொன்னார் கலேந்தி. மரியாதை செய்ய வேண்டுமாம். கிளப்பின் கழுத்துத் துண்டைப் பெட்டிமேல் போர்த்தினார். சதுக்கத்தில் நின்ற கூட்டம், சவத்துக்கு அந்த ஊரில் செய்கிற வழக்கப்படி, கைதட்டத் தொடங்கியது.

நோர்மா முன்னால் வந்தாள். துண்டை எடுத்து மடித்துக் கலேந்தியின் கையிலேயே திணித்தாள்.

"இது கோல் அடிச்சவருக்குத்தானே? அவர் எப்பவோ பூட்ஸைக் கழட்டிட்டார். இங்க படுத்திருக்கறது மிஸ்டர்."

"பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"பழசா? எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டே ஆட்டத்தை விலை பேசினீங்களே, அது உங்களுக்குப் பழசு. அப்பா அதோடதான் செத்தாரு." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கையை நிறுத்துங்க! உயிரோட இருந்தப்ப சீழ்க்கைதானே அடிச்சீங்க? அதையே அடிங்க. அவருக்குப் பழக்கம்தான்."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. கலேந்தி துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். காலையிலிருந்து 'விடுடி' என்று சொல்லிக்கொண்டிருந்த இனெஸ் இப்போது சொல்லவில்லை.

ஆறு பேரும் குனிந்து கைப்பிடிகளைப் பிடித்தார்கள். ஆனால் தூக்கவில்லை. அவர்களில் மீன் கடை வைத்திருக்கும் எத்தோரே, தலை நரைத்த பழைய கேப்டன், பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

"மிஸ்டர், போலாமா?"

ஒருவன் காலும் அசையவில்லை.

நோர்மா அருகே போனாள். பசை காய்ந்து வெளுத்த விரல்களை மடக்கி, பெட்டியின் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.