பளிச்சென்று ஒரு கண்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அண்ணனுக்குப் படம் போகும். சிரங்கு, சுளுக்கு, அம்மாவின் வீங்கிய பாதம், எல்லாவற்றுக்கும் போனிலேயே தீர்ப்பு வந்துவிடும். கண்குழி எலும்பு உடைந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்து சரிப்படுத்துவதில் அவன் பெரிய கை. அந்தப் பெருமையில் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாது, எனக்கு இன்னும் அதிகம்.

என் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருந்தாள். பந்துக்கு எகிறியபோது எதிரணிப் பெண்ணின் முழங்கை இடது கண்ணில் இடித்தது. அன்று சாயங்காலமே வாந்தி. நிமிர்ந்து பார்த்தால் கண் வலிக்கிறது என்றாள். வழக்கம்போலப் படம் எடுத்து அனுப்பினேன்.

அண்ணன் உடனே கூப்பிட்டான். "கண்ணு பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. வீக்கம் இல்ல, கறுக்கல. எலும்பு உடைஞ்ச மூஞ்சி இப்படியா இருக்கும்?"

"வாந்தி எடுக்கறாளே அண்ணா."

"பரீட்சை எப்போ?"

"திங்கக்கிழமை."

"அப்போ சரியாப் போச்சு" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

என் கணவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று இழுத்தார். "எங்க அண்ணனுக்குத் தெரியாததா அங்க தெரிஞ்சிடப் போகுது?" என்று அவர் வாயை அடைத்தேன். குப்புறப் படுத்திருந்த மகள், "நான் ஒண்ணும் நடிக்கல" என்று தலையணைக்குள் சொன்னாள்.

மூன்றாம் நாள் அலமாரியின் மேல்தட்டில் எதையோ தேடி நிமிர்ந்தவள், அப்படியே மயங்கிச் சரிந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் விரலை உயர்த்தி, "மேல பாரும்மா" என்றார். வலது கண் மேலே போனது. இடது கண் ஆணி அடித்தாற்போல் நடுவிலேயே நின்றது. உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனைப் பார்த்த அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆபரேஷனை அவனே செய்தான். கீழிமையின் உட்புறமாகக் கீறி, எலும்பில் சிக்கியிருந்த தசையை விடுவித்தானாம். தொப்பியைக் கழற்றாமலே வெளியே வந்து எனக்குப் பாடம் நடத்தினான்.

"பெரியவங்களுக்குக் கண்ணுக்கு அடியில இருக்கற எலும்பு முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும். சின்னவங்களுக்கு அது வளையும். கதவு மாதிரி கீழ்ப்பக்கம் திறந்து, படக்குன்னு மூடிக்கும். கண்ணை அசைக்கற தசை அந்த இடுக்குல மாட்டிக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. மேல பாத்தா அது இழுக்கும், வாந்தி வரும், நாடி இறங்கும். உடனே எடுத்து விட்டுடணும்."

"இதெல்லாம் அன்னைக்குத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்." தொப்பியை இப்போதுதான் கழற்றினான். "எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் மூஞ்சி வீங்கிக் கறுத்துதான் வருவாங்க. வெள்ளைக் கண்ணைப் பாத்ததும் நிம்மதியாயிட்டேன்."

மேலே பார்க்கச் சொல்லி இன்னொரு படம் கேட்டிருந்தால் போதும். கூடப் பிறந்தவன் என்றும் பாராமல் அவனை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. என் பெண்ணைத் தைத்த கை என்பதால் விட்டேன்.

தசை வெளியே வந்தது, ஆனால் நசுங்கிக் கிடந்ததில் தழும்பேறி விறைத்துப்போனது. நேரே பார்த்தால் அவளுக்கு எல்லாம் ஒன்று. கண்ணை உயர்த்தினால் எல்லாம் இரண்டு. கூடைப்பந்தில் மேலே பார்க்காமல் என்ன செய்வது? மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்த பயிற்சியாளர், அவள் இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஏணியோடு வந்தான். எங்கள் பின்கட்டுச் சுவரில் தன் கையாலேயே ஒரு வளையம் மாட்டினான். யாரும் கேட்கவில்லை.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் போடு. ஒண்ணாத்தான் தெரியும்" என்றான்.

இடது கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், பந்து வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்து அவன் காலடிக்கு உருண்டது. அதை எடுக்காமல் அவளிடம் வந்தான். தொழில் பழக்கம், மோவாயைப் பிடித்து முகத்தை அசையாமல் நிறுத்திக் கண்ணைப் பார்த்தான். அவளும் மூடிய கண்ணைத் திறந்து, விழிகளை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு மாமா?"

அவன் மோவாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு, இல்ல?" என்றாள். "என்ன, ரெண்டு மாமாவும் பேச மாட்டேங்கறீங்க?"