சொல்லிக்கொடுத்த சாட்சி

பொய் சொல்வது சித்திக்குப் புதிதல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எந்த ஃப்ரேமை மாட்டிக்கொண்டு யார் வந்து நின்றாலும், "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்று வாய் கூசாமல் சொல்கிறவள். ஆனால் செத்துப்போன அக்காவின் வாயில் பொய்யை வைத்தது அதுதான் முதல் தடவை.

அக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதும், அவளுடைய ஏழு வயது மகள் யாரிடம் வளர்வது என்று வழக்கு வந்துவிட்டது. அப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. அவனுடைய அண்ணன், குழந்தைக்குப் பெரியப்பா, தன்னைக் கார்டியனாகப் போடச் சொல்லி மனுக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. வளர்க்க நேரமில்லை, நல்ல ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்று மனுவிலேயே ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் சித்தி ஒரு வக்கீலைப் பிடித்தாள். பெற்றுக்கொள்ளக் கொடுத்துவைக்காதவள் அவள். அந்தக் குழந்தையைச் "சுண்டெலி, சுண்டெலி" என்று கொஞ்சியே நாளை ஓட்டியவள். அது ஹாஸ்டல் கட்டிலில் தனியாகச் சுருண்டு கிடப்பதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"குழந்தைய யார்கிட்ட விடணும்னு அவங்கம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"சொன்னா சார். 'சித்திகிட்ட இரு'ன்னு குழந்தைகிட்டயே சொன்னா."

அக்கா சொன்னதோ வேறு. ஒரு வருஷத்துக்கு முன்னால் சுண்டெலி வாய் தவறிச் சித்தியை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். மறுநாள், குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அக்கா சித்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "என் பொண்ணத் திருடப் பாக்கறியாடி? நான் செத்தாலும் சரி, அவ கால் உன் வாசப்படியில படாது." அதோடு சரி, பேச்சு வார்த்தை அறுந்துவிட்டது. அன்றைக்கு அங்கே ஈ காக்கை கிடையாது. சித்தி அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

வழக்கு முடியும்வரை குழந்தை பெரியப்பா வீட்டில் இருக்கட்டும், சனிக்கிழமை மதியம் சித்தி பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. பெரியப்பாவின் டிரைவர் கடையிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார். கடையின் பின்பக்கம் கண் பரிசோதனை அறை. ஜன்னல் இல்லை. நடுவில் உயரமான ஒரு நாற்காலி, அதன் தலைக்கு மேலே வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை, எதிர்ச்சுவரில் அந்த எழுத்துகள் தெரிகிற பெரிய கண்ணாடி. அந்த நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பாடம் நடந்தது.

"ஜட்ஜம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

"சித்திகிட்ட இருன்னு அம்மா சொன்னாங்க."

கிளிப்பிள்ளைதான்! ஒப்பித்தால் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், குழந்தை சொந்தமாகப் பேச வேண்டும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். எத்தனை தடவை கேட்டாலும் அதே ராகம். சித்திக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாத்தையும் நானேவா சொல்லித் தரணும்? போய் உங்கம்மாவையே கேளேன்!"

வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தாள் பாவி. சுண்டெலி தலையைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். யாரோ நிதானமாகப் பேசுவதைக் கேட்கிறவள் மாதிரி நடுநடுவே தலையாட்டினாள்.

"சித்திக்குத் தலை பின்னத் தெரியாது, முடியப் பிடிச்சு இழுப்பா, பொறுத்துக்கோன்னு சொல்றாங்க."

"அடி சக்கை! இப்படித்தான்டி சொல்லணும்!" என்று சித்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை சொல்லாமலே குழந்தை கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டது.

"சித்தி, ஒட்டடைக்குச்சின்னா யாரு?"

சித்தியின் கையிலிருந்த லென்ஸ் தரையில் விழுந்து உருண்டது. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, அக்கா அவள் காதோடு காதாகக் கூப்பிட்ட பெயர் அது. போர்வைக்கு வெளியே ஒரு நாளும் சொன்னதில்லை.

"யாருடி சொன்னா உனக்கு?"

"அம்மாதான். சிரிக்கிறாங்க பாரு."

சித்தி பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. விளக்கைப் போட்டுக் குழந்தையைத் தூக்கி முன்பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"இனிமே அம்மாகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம், என்ன கண்ணு?"

"நான் கேக்கல. அவங்களேதான் பேசறாங்க. வாசப்படி விஷயத்த ஜட்ஜம்மாகிட்ட சொல்லணுமான்னு மட்டும் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

கோர்ட்டு நாள் வந்தது. நீதிபதியின் அறைக்குள் குழந்தை மட்டும் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் ஒரு முனையில் பெரியப்பா, மறுமுனையில் சித்தி. வாசப்படி விஷயம் வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. பொய்க்காரி என்று பெயரும் வரும், பிள்ளையும் போய்விடும். எழுந்து போய் உண்மையைக் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார் ஜட்ஜம்மா.

"குழந்தை ரொம்பத் தெளிவா பேசுது. யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரியே இல்ல. சித்தியோடவே இருக்கட்டும்."

பெரியப்பா குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். வக்கீலுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்குப் போகிற வண்டியில் சித்தி மெதுவாகக் கேட்டாள்: "அந்த வாசப்படி விஷயம்..."

"சொல்லல. அது உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளதாம். அம்மா வேண்டாம்னுட்டாங்க."

சித்தி பொங்கிப் பொங்கி அழுதாள். அக்கா மன்னித்துவிட்டாள் என்றே நம்பினாள். வண்டிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மாடியேறிக் கதவைத் திறந்து, "வாடி என் ராசாத்தி" என்றாள். சுண்டெலி வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"தூக்கிக்கோ சித்தி. என் கால் உன் வாசப்படியில படக்கூடாதாம்."

சித்தி வேறு என்ன செய்வாள்? தூக்கினாள். உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவசர அவசரமாகக் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதே சித்தி," என்றது குழந்தை, வெளியே பார்த்தபடி. "அம்மா செருப்பு கழட்டிட்டிருக்காங்க."