நீலக் கண்ணாடி உருண்டைகள்

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் மேல கட்டுங்க," என்றாள் சாலம்மாள்.

முக்காலியில் நின்றிருந்த காளியப்பன் நீலக் கண்ணாடி உருண்டையை விட்டத்தோடு உயர்த்திக் கட்டினான். "துரைசானி கூட உங்கம்மாளை இப்படி வேலை வாங்கியிருக்க மாட்டா, புள்ள."

டிசம்பர் பிறந்தாலே அவர்கள் வீட்டில் தோரணம் ஏறிவிடும். சாலம்மாளின் தாய் சேலத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொன்றாகத் துரைசானி கொடுத்த உருண்டைகளும் மெழுகுப் பொம்மையும் மகளுக்கு வந்திருந்தன.

ஜிகினாத்தாள் வாங்க ராசிபுரம் போன காளியப்பன் வாந்திபேதியோடு திரும்பினான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. மேட்டூரில் அணை கட்டத் தொடங்கிய வருஷம் அது.

பாதிரியார் ஜெபம் பண்ணி அடக்கம் செய்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் அவன் தாய் அங்கம்மாள் வைத்ததுதான் சட்டம். மகன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகும் அவள் வேதக் கோயில் படி மிதிக்காதவள். மருமகளை மூலையில் உட்கார வைத்தாள். வருஷம் திரும்பும்வரை வாசல் தாண்டக்கூடாது. தாயும் செத்துப்போய்க் கைக்குழந்தையோடு இருந்த சாலம்மாளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பதினாறாம் நாள், செத்தவன் பாய், தலையணை, வேட்டி எல்லாம் துணி வெளுக்கும் பொன்னாத்தாளுக்குப் போக வேண்டும். அங்கம்மாள் தோரணத்தையும் அவிழ்த்துத் தகரப் பெட்டியில் போட்டாள்.

"அத்தை, அது எங்கம்மா குடுத்ததுங்க."

"மூலையில இருக்கறவளுக்கு என்ன பேச்சு? கடைசியா அவன் கை பட்டது. போவட்டும்."

பொன்னாத்தாள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இதை வெச்சுக்கிட்டு நானென்ன, கழுதைக்கா கட்டறது? அம்மணி ஆசைப்படுது. குடுத்துடறேனுங்க."

சாலம்மாள் எழுந்து நின்றாள்.

"எடுத்துக்க," என்றாள் அங்கம்மாள் மருமகளிடம். அவள் பார்வை தொட்டிலின் மேல் இருந்தது. "குடுத்த சாமான் திரும்பி ஊட்டுக்குள்ள வந்தா இன்னொரு உசுரு கேக்கும். எம்பையன் போயிட்டான். உம்பையன் இருக்கறான்."

இதையெல்லாம் சாலம்மாள் நம்புகிறவள் இல்லை. ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் தொட்டிலைப் பார்த்தாள். குழந்தை இருமியது. மறுபடி மூலையில் போய் உட்கார்ந்தாள்.

பொன்னாத்தாள் மூட்டைமேல் பெட்டியை வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

வருஷம் திரும்பி மூலையை விட்டு வந்த பிறகும் சாலம்மாள் அந்தப் பெட்டியைக் கேட்கவில்லை. மகன் நடந்தான், ஓடினான், பள்ளிக்கூடம் போனான். ஒவ்வொரு டிசம்பரிலும் அவனுக்குச் சளி பிடித்தது. பெட்டியைப் பொன்னாத்தாள் யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

ஏரிக்கரையில் அவள் வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரந்தான்.