தன் சாவுக்குத் தானே சொன்ன சரணம்

"கரண்டு வந்துடிச்சி, போடு ரத்தினம்" என்றான் அடுத்த வீட்டு ராஜு.

பிளக்கு உள்ளறையில்தான் இருந்தது. அங்கே பெஞ்சின் மேல் வைத்திருந்த டேப் ரெக்கார்டரின் குமிழை ரத்தினம் திருகினாள். சக்கரங்கள் சுழன்றன. வாசல் பந்தலில் கிடத்தியிருந்த அவளுடைய நைனா தம்மபாலனின் குரல் வரவேண்டிய இடத்தில், ஓர் அணில் கீச்சுக்கீச்சென்று சரணம் சொல்லிக்கொண்டு ஓடியது.

பந்தலில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். ரத்தினம் சட்டென்று நிறுத்தினாள்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைன்களில் எந்தப் பௌத்தர் வீட்டில் சாவு விழுந்தாலும், ஷிப்டு முடிந்த கையோடு வந்து 'புத்தம் சரணம்' சொல்வது தம்மபாலன்தான். பாடை தெருமுனையைத் தாண்டும்வரை சரணம் நடுவில் அறுபடக் கூடாது. மற்றவர்கள் பின்னாலேயே சொல்வார்களே ஒழிய, முன்னால் நின்று முழுதும் சொல்ல ஒருவருக்கும் வராது.

"என் சாவுக்கு எவன்டா சொல்லுவீங்க? நானே சொல்லி வெச்சுட்டுப் போறேன்" என்று, சுரங்கத் தூசி குரலைத் தின்பதற்கு முன்பே, எலக்ட்ரீஷியன் எட்மண்டின் மெஷினில் பதிந்துவிட்டு வந்தார். எட்மண்ட் அப்புறம் மெஷினோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தான். டேப் இருந்தால் எந்த மெஷினிலும் பேசும் என்றுதான் அப்பனும் மகளும் நம்பியிருந்தார்கள்.

"இன்னாப்பா இது, பாபு?" என்றாள் ரத்தினம், மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்த ரேடியோ கடைக்காரனிடம்.

"எட்மண்டு டேப்பை மிச்சம் புடிக்க மெதுவா ஓட்டிப் பதிஞ்சிகீறாருமா. என் மெஷின்ல அந்த ஸ்பீடு கெடையாது. இது வேகமாத்தான் ஓடும்."

"வேற மெஷின்?"

"பெங்களூர்லதான் தேடணும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "சரணம் இல்லாமயே எடுத்துடலாமாம்மா?" என்று பெரியசாமி மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

தாயில்லாத வீட்டில் ரத்தினத்துக்கென்று இருந்தது அந்த ஒரு மனுஷர். ஊருக்கெல்லாம் சொன்னவரை வாய் பேசாமல் அனுப்புவதா?

"கொஞ்சம் இருங்க மாமா."

மறுபடி போட்டாள். நாடா உருவிவரும் சக்கரத்தின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினாள். குரல் இழுபட்டுக் குழறியது. விரலைத் தளர்த்தினால் மறுபடி அணில். அழுத்தியும் தளர்த்தியும் பார்த்ததில், நடுவில் ஓரிடத்தில் நைனா வந்துவிட்டார். அதே கரகரப்பு, வரிக்கு வரி அதே இடத்தில் மூச்சு.

பந்தல் அடங்கிப்போயிற்று. அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது.

"ரத்தினம், தூக்கப் போறாங்க. வந்து மூஞ்சி பாத்துக்கோடி" என்று நாகம்மா அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

ரத்தினம் பாபுவைப் பார்த்தாள். அவன் விரல் வைத்துப் பார்த்தான். குரல் கோணிக்கொண்டு ஓடியது. அவசரமாக அவன் கையைத் தள்ளிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் பாக்க முடியாதுடி!"

"தூக்கச் சொல்லுங்க அத்தை."

உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு வழியே முதுகுகள்தான் தெரிந்தன. ராஜு தோள் கொடுத்தான். பாபுவும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். திருப்பிச் சொல்லும் குரல்கள் தெருவில் இறங்கித் தேய்ந்தன. பாடை இன்னும் முனையைத் தாண்டியிருக்காது. விரல் நுனி சூடேறி எரிந்தது.

நைனா ஒரு வரி சொல்லிவிட்டு மூச்சு வாங்கக் காத்திருந்தார்.

விரலை எடுக்காமல், ரத்தினம் அதைத் திருப்பிச் சொன்னாள்.